பெயர் சொல்ல மறுத்த புத்தகங்கள்

"நான் பஸ் ஓட்டறவன் சார்," என்றார் டிரைவர். தன் நூலக அட்டையை மேசைமேல் வைத்து, ஒரே விரலால் அதை நூலகர் பக்கம் தள்ளினார். "நான் 'பயத்தை வெல்வது எப்படி'ன்னு புத்தகம் எடுத்துப் படிக்கறேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, என் வண்டியில எவன் ஏறுவான்?"

நூலகர் நிமிர்ந்தார். "யாருக்குங்க தெரிஞ்சுது?"

"வெளியில சாவி போடறாரே, அவருக்குத்தான். புத்தகத்தைப் பையில போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போறேன். 'என்ன டிரைவரே, பயத்தை ஜெயிக்கப் போறீங்களா? அதுல என்ன வழி சொல்லியிருக்கு, கொஞ்சம் சொல்லுங்களேன்'ங்கறார். பக்கத்துலயே என் கண்டக்டர் நிக்கறான்!"

"கண்டக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. இன்னிக்குக் காலையிலேருந்து படிக்கட்டை விட்டு உள்ளயே வர மாட்டேங்கறான். குதிக்க வசதியா நிக்கறான்."

நூலகர் அட்டையைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார். "ஒரு வாரம் பொறுங்க. நான் என்னன்னு பார்க்கறேன்."

"பாருங்க," என்று டிரைவர் எழுந்தார். "ஆனா அந்தப் பலகையை முதல்ல கழட்டுங்க. பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

பலகை வாசலில் தொங்கியது. எழுதியவர் நூலகரேதான். 'நீங்கள் படிப்பது உங்களுக்கும் புத்தகத்துக்கும் மட்டுமே தெரியும்.'

அதை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அன்றுதான் நூலகத்துக்கு டேக் வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கர். உள்ளே சுருள்கம்பி, நடுவில் கடுகளவு சில்லு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்அட்டையிலும் ஒன்று. மேசையில் உள்ள கறுப்புத் தட்டின் மேல் புத்தகத்தை வைத்தால், டேக் தன் எண்ணைக் காற்றிலேயே சொல்லிவிடும், திரையில் புத்தகத்தின் விவரம் வந்துவிடும். பதியாமல் யாராவது எடுத்துக்கொண்டு போனால் வாசல் கம்பங்கள் இரண்டும் ஊரைக் கூட்டிவிடும். பேரேடு பீரோவுக்குள் போனது. எதிரே உட்கார்ந்து, நூலகர் சொல்லச் சொல்ல இருபது வருஷம் பேரேடு எழுதிய எழுத்தர் ஓய்வு பெற்றுப் போனார். மேசைகூட இடம் மாறியது. எலக்ட்ரீஷியன் பிளக் வைத்த இடத்துக்குத்தானே மெஷின் போக முடியும்? மெஷின் சூடாகும், காற்றோட்டம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பதினெட்டாயிரம் புத்தகங்களுக்கும் டேக் ஒட்டியவர் நம் நூலகர்தான். அதில் நாலாயிரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி தலையில் கட்டினார் என்பது வேறு விஷயம். திறப்பு விழாவில் மைக் மக்கர் பண்ணியது. அவர் அதை லட்சியமே செய்யாமல், கடைசி வரிசைவரை கேட்கும்படி அந்தப் பலகை வாசகத்தை உறுதிமொழியாக வாசித்துக் கைதட்டல் வாங்கினார்.

இப்போது அந்த உறுதிமொழியில்தான் ஓட்டை.

டிரைவர் ஒருவர் என்றால் தற்செயல் என்று விடலாம். விசாரித்துப் பார்த்தால் வரிசையாக வந்தார்கள். பல் டாக்டர் 'வழுக்கைக்கு விடை' எடுத்துப் போயிருக்கிறார், சாவிக்காரர் அவரை நிறுத்தி, "முடி திரும்ப வருமாமா டாக்டர்?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். புதுப்பெண் ஒருத்தி 'மாமியாரும் மனிதரே' எடுத்திருக்கிறாள், மாமியாரோடு வெளியே போகும்போது, "எத்தனாவது பக்கத்துலம்மா அப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை.

கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் நூலகருக்குக் கோபத்தைவிடப் பெரிதாக ஒரு அரிப்பு வந்துவிட்டது. எப்படி? மூடின பைக்குள் இருக்கிற புத்தகம் இந்த மனிதருக்கு எப்படித் தெரிகிறது? மதியம் காற்று வாங்குவதுபோல வெளியே போனார்.

சாவிக்காரர் நூலகச் சுவரோரம் பெரிய குடையை விரித்து, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மரப்பெட்டி, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின். பின்னால் ஒரு பலகையில் நூற்றுக்கணக்கில் சாவிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு நூல் கட்டியிருந்தது. நூலகரைப் பார்த்ததும் மடியிலிருந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்கய்யா. நல்லா இருக்கீங்களா?"

நூலகருக்கு அந்த மரியாதையே சந்தேகமாக இருந்தது. வாட்ச்மேன்கூடத் தன்னைப் பார்த்து எழுந்திருப்பதில்லை. இவர் ஏன் எழுந்திருக்க வேண்டும்?

"நூல் எதுக்கு?"

"அடையாளத்துக்குங்க. யாரோட சாவின்னு தெரியணுமில்ல?"

ரகசியக் குறியீடு என்று நூலகர் மனதில் குறித்துக்கொண்டார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அது என்ன கம்பி?"

"ரேடியோவோடதுங்க."

"பாடுமா?"

"எங்கங்க! எட்டு மாசமா அதைத் தொடறதே இல்லை."

எட்டு மாதம். டேக் வந்தும் எட்டு மாதம். நூலகர் உள்ளே ஓடிவந்து டேக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். முதுகில் பை, கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் லேப்டாப். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். திரையில் கோடு ஏறி இறங்கினால் மட்டும் முகம் மலரும்.

"சார், உங்க டேக் ரொம்ப வெகுளி," என்றாள். "யாரு வந்து 'நீ யாரு'ன்னு கேட்டாலும் தன் நம்பரைச் சொல்லிடும். கேக்கறது உங்க மெஷினா, வெளியாளோட மெஷினான்னு அதுக்குப் பார்க்கத் தெரியாது."

"அப்போ எட்டு மாசமா ஒவ்வொருத்தர் பையிலயும் ஒரு உளறுவாயை வெச்சா அனுப்பிட்டிருக்கேன்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா பத்தடிக்கு மேல கேக்காது."

நூலகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குடையின் உச்சி தெரிந்தது. தாராளமாக அளந்தாலும் ஆறடி.

"கைக்கு அடக்கமான ரீடர்கூட இப்போ கிடைக்குது சார். அது ஒண்ணு, உங்க புத்தகப் பட்டியல் ஒண்ணு, ரெண்டும் கையில இருந்தா போதும். ஆளைப் பார்க்காமலே பையைப் படிச்சுடலாம்."

நூலகர் வாய் பிளந்தார். சாவிக்குப் படி எடுக்கிறவர் டேக்குக்குப் படி எடுக்க எத்தனை நேரம் ஆகும்? குடைக்குக் கீழே இப்படி ஒரு மேதை உட்கார்ந்திருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே நூலகக் கமிட்டித் தலைவி போன் செய்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். "டிரைவர் எனக்கு மனு கொடுத்திருக்கார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரேன். ரெண்டுல ஒண்ணு முடிவாகணும். டேக் உளறுதுன்னா பதினெட்டாயிரத்தையும் உரிச்சுடுங்க. உங்க கையால. சாவிக்காரர் திருடறார்ன்னா அந்தச் சுவரோரத்துல அவர் இனி உட்காரக் கூடாது. கடிதம் எழுதி வைங்க, கையெழுத்துப் போடறேன்."

நூலகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வலது கட்டைவிரலில், ஒட்டும்போது வந்த காய்ப்பே இன்னும் போகவில்லை.

முதல் வைத்தியம் அலுமினியத் தாள். அதற்குள் வைத்தால் டேக் வாய் திறக்காது என்று இன்ஜினியர் சொன்னாள். நூலகரின் மனைவி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது துணிப்பைகளுக்கு அலுமினியத் தாளை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை புத்தகம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பை.

"'வீட்டுத் தோட்டத்தில் தேனீ', பத்தொன்பதாம் தேதிக்குள்ள கொண்டு வந்துடுங்கம்மா," என்று நூலகர் முதல் வாசகியான டைலர் அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, அவரே பையில் போட்டு, வாயை இரண்டு தடவை மடித்தார். "இனிமே கடவுளே வந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

டைலர் அம்மா ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். "ஏன் சார், தேனீ கொட்டினா என்ன தடவணும்னு அந்தப் புத்தகத்துல இருக்கா? வெளியில சாவிக்காரர் கேக்கறார்."

அதோடு முடியவில்லை. பைக்குள் போன டேக் சாவிக்காரருக்கு மறையவில்லை. வாசல் கம்பங்களுக்கு மட்டும் நன்றாக மறைந்தது. புத்திசாலி வாசகர்கள் சிலர் பதிகிற சிரமமே வேண்டாமென்று அலமாரியிலிருந்து நேரே பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்பது புத்தகங்கள் காணவில்லை. அதில் ஒன்று 'நேர்மையான வாழ்க்கைக்கு நூறு வழிகள்'.

"அப்போ அவர் வாசல்ல படிக்கலை," என்றாள் இன்ஜினியர், லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டு. "மேசையிலயே படிக்கறார். நீங்க தட்டுல வைக்கும்போது டேக் பேசுது இல்ல, அதைச் சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒட்டுக் கேக்கறார்."

"ஐயய்யோ."

"கவலையே படாதீங்க. டேக்குக்குள்ள இன்னொரு வசதி இருக்கு. நாமதான் இதுவரைக்கும் ஆன் பண்ணலை." அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "இனிமே உங்க மெஷின் 'நீ யாரு'ன்னு கேட்டா, டேக் உடனே சொல்லாது. 'முதல்ல நீ யாரு, நிரூபி'ன்னு திருப்பிக் கேக்கும். மெஷின் ஒரு புது எண்ணைக் கொடுக்கும். டேக் அதைத் தன் ரகசியத்தோட கலந்து குழப்பித் திருப்பி அனுப்பும். ரகசியம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது புரியும். ஒவ்வொரு தடவையும் பதில் வேற. பேசி முடிச்சதும் ரெண்டு பேரும் ரகசியத்தையே மாத்திக்குவாங்க. ஒட்டுக் கேட்டவன் தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான்."

நூலகருக்குப் புல்லரித்தது. "என் தங்கச்சி மாப்பிள்ளை பார்த்தப்போகூட இவ்வளவு விசாரிக்கலைம்மா."

புதன்கிழமை காலை முதல் பத்துப் புத்தகங்கள் ஒழுங்காக விசாரித்துக்கொண்டன. பதினோராவது புத்தகத்தில் திரை சிவப்பானது. 'இந்தப் புத்தகம் யாரென்று தெரியவில்லை.'

"தெரியலையா? இருபது வருஷமா இங்க இருக்கற புத்தகம்மா இது!"

இன்ஜினியர் கோடுகளைப் பார்த்தாள். "சார், நீங்க புத்தகத்தைத் தட்டுல வெச்ச உடனே தூக்கிடறீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கும்போதே பிரிச்சுட்டீங்க. மெஷின் ரகசியத்தை மாத்திக்கிச்சு, டேக் மாத்திக்கலை. இனிமே ஒண்ணையொண்ணு நம்பாது. ரெண்டு எண்ணி முடிக்கற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

சொல்வது சுலபம். நூலகரின் கை இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் ஊறின கை. புத்தகத்தை வைத்ததும் தூக்கும், முகத்துக்கு நேரே பிடிக்கும், அப்புறம்தான் வாசகரிடம் கொடுக்கும். அவர் ஒன்று என்று எண்ணுவதற்குள் அது கிளம்பிவிடும். பகல் பன்னிரண்டுக்குள் நாற்பது புத்தகங்கள் மெஷினோடு பேச்சை முறித்துக்கொண்டன. மூன்று மணிக்கு இருநூறு. திரும்பி வந்த புத்தகங்களும் சேர்ந்துகொண்டன.

பேச மறுத்த புத்தகங்களை வேறு வழியில்லாமல் கையால் பதிய வேண்டியதாயிற்று. நூலகர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவர்.

"'மூட்டு... வலி... யும்'... எங்கம்மா இந்த 'மு'? ஆங்... 'முழு... நிலவும்'. இருபதாம் தேதி."

வரிசை வாசல்வரை நீண்டது. ஆனால் சாவிக்காரரின் ஞானமோ போன வாரத்தைவிடத் துல்லியமாகிவிட்டது. முன்பெல்லாம் சில புத்தகங்களை விட்டுவிடுவார். இப்போது ஒன்றுகூடத் தப்பவில்லை. தடிமனான புத்தகங்களின் துணைத்தலைப்புவரை சொன்னார். பல் டாக்டர் உள்ளே வந்து கையை உதறினார். "எழுதினவர் பேரைக்கூடச் சொல்றார் சார் அந்த மனுஷன்!"

"முடியவே முடியாது," என்றாள் இன்ஜினியர். "உலகத்துலயே இதை உடைச்சவங்க கிடையாது."

"நம்ம சாவிக்காரர் உடைச்சுட்டாரேம்மா," என்றார் நூலகர். அதைச் சொன்னபோது குரலில் சோகத்தோடு கொஞ்சம் சொந்தப் பெருமையும் கலந்திருந்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி, தூரம். நூலகர் வாட்ச்மேனை அனுப்பி, சாவிக்காரரைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் போகச் சொன்னார். சாவிக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. குடையை மடக்கினார், பெட்டியைத் தலையில் தூக்கினார், போய்விட்டார்.

அவ்வளவுதான், அன்று மாலை ஒரு புகாரும் இல்லை. யாரிடமும் சாவிக்காரர் எதுவும் கேட்கவில்லை.

"பத்தடி!" என்று நூலகர் மேசையைத் தட்டினார். "பத்தடிக்கு மேல கேக்காதுன்னு நீ சொன்னியே! நிரூபணம் ஆயிடுச்சு!" அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினார். மேற்படி நபரை நூலகச் சுவரோரம் இனி எக்காலத்திலும் அனுமதிக்க வேண்டாம் என்று முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புதிதாக ஒரு கஷ்டம் முளைத்தது. மெஷினோடு சண்டைபோட்ட டேக்குகளை மீண்டும் சமாதானம் செய்ய ஒரு ரகசியச் சொல் வேண்டும். பதினாறு எழுத்து. கம்பெனி அதை ஒரு தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு எட்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது. நூலகர் அதை யாரும் நெருங்க முடியாத இடத்தில், இரும்பு பீரோவில் பேரேட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அவசரத்தில் அவர் சாவியைத் திருகிய திருகலில் அது பூட்டுக்குள்ளேயே பாதியாக முறிந்தது.

இன்ஜினியரும் நூலகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற சாவிக்காரர் யாராவது..." என்றாள் அவள்.

"இந்த வட்டாரத்துல அவர் ஒருத்தர்தாம்மா."

ஆக, யாரிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமோ, அவரையே வாட்ச்மேன் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து அழைத்து வந்தார். சாவிக்காரர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அலமாரிகளை ஒரு சுற்று அண்ணாந்து பார்த்தார். பிறகு பூட்டில் காதை வைத்து, இரண்டு கம்பிகளை உள்ளே விட்டார். நூலகர் மூச்சு விடுவதற்குள் பீரோ திறந்துகொண்டது.

"இவ்வளவு லேசாவா?"

"காது கொடுத்துக் கேட்டா பூட்டே சொல்லிடுங்கய்யா."

உறை நழுவிக் கீழே விழுந்து, தாள் பாதி வெளியே வந்தது. நூலகர் பாய்வதற்குள் சாவிக்காரர் குனிந்து எடுத்து, தாளைத் தலைகீழாகப் பிடித்தபடியே நீட்டினார்.

"படிச்சுட்டீங்களா?" என்று நூலகர் அதட்டினார்.

"இல்லீங்களே," என்று சாவிக்காரர் கூச்சத்தோடு சிரித்தார். என்ன நடிப்பு என்று நூலகர் பல்லைக் கடித்தார்.

வாசல்வரை போன சாவிக்காரர் நின்றார். "ஐயா, என்மேல ஏதாவது கோபமா? அந்தப் பக்கம் எனக்குப் பொழுதே போக மாட்டேங்குதுங்க."

"பார்த்தியா!" என்று நூலகர் அவர் தலை மறைந்ததும் இன்ஜினியரிடம் திரும்பினார். "சிக்னல் கிடைக்காம தவிக்கறார்!"

அன்று சாயங்காலம் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நூலகர் நடந்ததையெல்லாம் சொல்லி, "இது ரகசியம், யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று முடித்தார்.

"நான் விடறது இருக்கட்டும்," என்றாள் மனைவி, ஒரு சட்டையை உதறிக்கொண்டே. "மாடி வீட்டுக்காரங்க எட்டிப் பார்க்கறாங்க, நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அப்புறம், அந்த மனுஷன் பாவம். போன மாசம் நம்ம வீட்டுச் சாவி தொலைஞ்சப்போ, 'ஐயா வீடா'ன்னு கேட்டு வேலையை விட்டுட்டு ஓடி வந்தார். அவரைப் போய் துரத்தணுமா?"

"அவர் போகலைன்னா டேக் போகணும். உரிக்கணும். பதினெட்டாயிரம்."

"நீங்க உரிச்சுக்கங்க. என் நாலாயிரத்துல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற."

நூலகர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கடிதம் இருந்தது. ஏனோ நெஞ்சுக்குள் ஒரு உறுத்தல். ஆனாலும் என்ன செய்வது? வாக்குக் கொடுத்தாயிற்றே. டிரைவரின் முகம் ஞாபகம் வந்தது. படிக்கட்டில் நிற்கிற கண்டக்டரும் ஞாபகத்துக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டித் தலைவி வந்தார். பின்னாலேயே டிரைவரும். சோதனை எப்படி என்று தலைவியே சொன்னார். சாவிக்காரர் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும். இன்ஜினியர் அவர் பக்கத்தில் சிக்னல் பிடிக்கும் கருவியோடு உட்கார்ந்து, அவரிடம் ரீடர் இருந்தால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தலைவி ஒரு புத்தகம் எடுப்பார். எதுவென்று யாருக்கும் சொல்ல மாட்டார்.

எல்லாம் அப்படியே நடந்தது. இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் காதில் இறுக்கி மாட்டிக்கொண்டு குடைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். சாவிக்காரர் அவளுக்குத் தன் பலகையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். பழைய இடம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. உள்ளே தலைவி அலமாரிகளுக்கிடையில் தனியாகப் போனார். நெடுநேரம் கழித்து, ஒரு புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அப்படியே கவிழ்த்துத் தட்டின்மேல் வைத்தார்.

எல்லார் கண்ணும் திரைமேல். நூலகர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. டிரைவர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

திரை பச்சையானது.

"கண்டுபிடிச்சுடுச்சு!" நூலகர் துள்ளினார். கை தானாகப் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தது. "'அறுபதுக்குப் பின் நடனம்'! இருபத்திரண்டாம் தேதி!"

தலைவியின் கன்னம் சிவந்தது. "சும்மா, சோதனைக்காகக் கைக்குக் கிடைச்சதை எடுத்தேன்," என்று புத்தகத்தை வெடுக்கென்று வாங்கி அலுமினியப் பைக்குள் திணித்தார். பையை மூன்று மடிப்பு மடித்து, தன் தோல்பைக்குள் வைத்து, அதையும் பூட்டினார். பிறகு நிமிர்ந்த நடையாக வெளியே போனார். நூலகரும் டிரைவரும் வாட்ச்மேனும் பின்னாலேயே போனார்கள்.

சாவிக்காரர் எழுந்து நின்றார்.

"என்னங்கம்மா," என்றார், முகமெல்லாம் ஆர்வமாக. "அறுபதுக்கு மேல ஆடினா முட்டி தாங்குமாங்க? அதுல என்ன சொல்லியிருக்கு? படிச்சுட்டு எனக்கும் சொல்லுங்களேன்."

தலைவி அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் "பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று குதித்தார். நூலகர் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், ஒரு சிக்னல்கூட இல்லை. டேக் ஒரு வார்த்தை வெளியில விடலை. எல்லாம் பக்காவா இருக்கு. என்ன ஆச்சு?"

"பெட்டியைத் திறங்க," என்றார் தலைவி.

சாவிக்காரர் மிரண்டுபோய்த் திறந்தார். வாட்ச்மேன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அரம் மூன்று. குறடு ஒன்று. நூல்கண்டுகள், எல்லா நிறத்திலும். பேட்டரியே இல்லாத ஒரு பழைய ரேடியோ. பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ரீடரும் இல்லை, பட்டியலும் இல்லை, காகிதம் என்று துண்டுச்சீட்டுகூட இல்லை.

"எங்கயோ மறைச்சு வெச்சிருக்கார்," என்றார் டிரைவர்.

தலைவி கையை நீட்டினார். நூலகர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். தலைவி அதைப் பெட்டிமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். சாவிக்காரர் அந்தக் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார். அதில் என்ன இருக்கிறதென்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டுவிட்டார்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன்," என்றார் நூலகர். அழுகிற குரல். "உங்களை ஒண்ணும் பண்ண மாட்டோம். எனக்குத் தெரிஞ்சாகணும், இல்லைன்னா என் தலை வெடிச்சுடும். உலகத்துல யாராலயும் உடைக்க முடியாததை எப்படி உடைச்சீங்க? அந்த மெஷின் எங்க இருக்கு?"

சாவிக்காரர் நூலகரை ஏற இறங்கப் பார்த்தார். தலைக்கு மேலே திறந்து கிடந்த ஜன்னலையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"மெஷினா? என்னங்கய்யா இப்படிக் கேக்கறீங்க? எழுத்து தெரியாத இந்தச் சாவிக்காரனுக்கும் கேக்கட்டும்னுதானே எட்டு மாசத்துக்கு முன்னாடி மேசையையே ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு புத்தகத்தோட பேரையும் எனக்காகச் சத்தமா வாசிச்சுக்கிட்டிருக்கீங்க!"